ஆண்டு பொறிக்காத நாணயம்

என்னிடம் முன்னர் கல்வி பயின்ற மாணவர் ஒருவர் இப்பொழுது இலண்டன் மாநகரின் புறநகர்ப் பகுதியொன்றில், சிறு கடையொன்றில் இரவு வேலை பார்க்கிறார். கடையின் உரிமையாளர் எமது ஊரவரே. சில மாதங்களுக்கு முன்னர் அம்மாணவர் எனக்கு நீண்ட கடிதமொன்று எழுதியிருந்தார். சுகசேமங்களும் ஊர்ப் புதினங்கள் பற்றிய விசாரிப்புகளும் நிறைந்த அக்கடிதத்தின் இறுதியில் ஒரு சிறு சம்பவத்தைக் குறிப்பிட்டு, அது பற்றிய என் அபிப்பிராயத்தைக் கேட்டிருந்தார்.

சம்பவம் இதுதான். ஒருநாள் நள்ளிரவுக்குப் பின்னர், சனக்கூட்டம் ஓய்ந்த வேளையில், காசு லாச்சியிலிருந்த சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தபோது இருபது பென்ஸ் நாணயமொன்று அவர் கண்ணிற் பட்டது. இரு பக்கங்களையும் புரட்டிப் பார்த்தார். எந்தப் பக்கத்திலும் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கவில்லை. அத்தகைய நாணயத்துக்குச் சேகரிப்போர் ஐம்பது பவுண் வரையிற் கொடுப்பர் என அவர் எங்கோ வாசித்திருந்தார். தமது சட்டைப்பையிலிருந்து வேறோர் இருபது பென்ஸ் நாணயத்தை எடுத்து லாச்சியிற் போட்டுவிட்டு, அதனைத் தமதாக்கிக் கொண்டார். “கணக்கில் ஒரு சதமும் குறையவில்லை, சேர். ஆனாலும் விடியும்வரை மனம் ஒரு நிலையில் இல்லை. நான் செய்தது களவா?” என்று எழுதியிருந்தார்.

இக்கடிதத்தை ஆசிரியர் அறையில் இடைவேளையின்போது வாசித்துக் காட்டினேன். மூன்று அபிப்பிராயங்கள் உடனே பிறந்தன. கணிதம் கற்பிக்கும் நண்பர், “இருபதை எடுத்து இருபதை வைத்தார். சமன்பாடு பிழைக்கவில்லை, இதில் விசாரிக்க என்ன இருக்கிறது?” என்றார். தொழிற்சங்க வேலைகளில் ஈடுபாடு கொண்ட இன்னொருவர், “விடிய விடிய நிற்பவனுக்கு அந்த முதலாளி மணித்தியாலத்துக்கு என்ன கொடுக்கிறான் என்று முதலில் கேட்டு எழுதுங்கள். களவு எந்தப் பக்கத்தில் நடக்கிறது என்பதைப் பிறகு பார்ப்போம்” என்றார். வயதில் மூத்த ஆசிரியை ஒருவர், “மனம் உறுத்திற்றென்று அவனே எழுதுகிறானே, அதற்குமேல் நாம் என்ன சொல்ல?” என்று கூறிவிட்டுத் தமது கொப்பிகளைத் திருத்தத் தொடங்கினார். மணி அடித்தது. மூவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. எனினும் அவற்றுள் ஒன்றிலேனும் என் மனம் முழுமையாக அமையவில்லை. ஒரு பொருளின் பெறுமதி எங்கே பிறக்கிறது, அறிந்தவன் அறியாதவனுக்கு எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறான் என்னும் கேள்விகள் அச்சிறு காசின் பின்னே நிற்பதாக எனக்குத் தோன்றிற்று. ஆதலால் இதனைச் சற்று விரிவாகவே ஆராய முற்படுகிறேன்.

முதலில் அந்த நாணயத்தைப் பற்றி. பிரித்தானியாவின் இருபது பென்ஸ் நாணயம் 1982ஆம் ஆண்டு புழக்கத்துக்கு வந்தது. ஏழு பக்கங்களைக் கொண்டது. ஐந்து கிராம் நிறையுடையது. செம்பும் நிக்கலும் கலந்து செய்யப்படுவது. ஒருபுறம் அரசியின் தலையும் மறுபுறம் முடிசூடிய ரோசாப்பூவும் இருந்தன. பூவா தலையா என்று நாம் காசு சுண்டுவது இந்நாணயத்துக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்திற்று. ஆண்டு, பூப்பக்கத்திற் பொறிக்கப்பட்டிருந்தது. 2008ஆம் ஆண்டு பூவை நீக்கி, அரச கேடயத்தின் ஒரு பகுதியை அவ்விடத்திற் பொறித்தனர். புதிய வடிவத்தில் ஆண்டு தலைப்பக்கத்துக்கு மாற்றப்பட்டது. தென் வேல்சில் லான்ட்ரிசன்ட் என்னுமிடத்திலுள்ள அரச நாணயச்சாலையில், ஆண்டில்லாத பழைய தலை அச்சும், ஆண்டில்லாத புதிய கேடய அச்சும் ஒரே இயந்திரத்திற் சோடி சேர்ந்துவிட்டன. ஒவ்வாத இரு அச்சுக்களுக்குப் பிறந்த இத்தகைய நாணயத்தைச் சேகரிப்போர் ‘கோவேறு கழுதை’ என்றே அழைக்கின்றனர்.

2009ஆம் ஆண்டு இத்தவறு வெளிச்சத்துக்கு வந்தது. அதிகமாகக் கொண்டாலும் இரண்டரை இலட்சத்துக்குட்பட்ட நாணயங்களே இவ்வாறு வெளியேறியிருக்கும் என மதிப்பிடப்பட்டது. இவை செல்லுபடியாகும் காசுகளே என்றும், இவற்றின் பெறுமதி இருபது பென்ஸ் என்றும் நாணயச்சாலை அறிவித்தது. தனியார் நாணய வணிக நிறுவனமொன்றோ ஒவ்வொன்றுக்கும் 50 பவுண் தருவதாகக் கூறிற்று. ஒரே பொருள், ஒரே வாரம், அரசு சொன்ன விலைக்கும் சந்தை சொன்ன விலைக்கும் இடையே இருநூற்றைம்பது மடங்கு. கோடிக்கணக்கான நல்ல நாணயங்களைப் பிழையின்றி அடித்த தொழிலாளியின் உழைப்பு இருபது பென்சுக்கு மேல் ஒன்றும் பெறவில்லை. அவர் அல்லது அவருடைய தோழர் ஒருவர் சற்று அயர்ந்த கணத்தின் விளைவு ஐம்பது பவுண் பெற்றது. இதில் ஒரு விபரீதம் இருக்கிறது என்பதை யாரும் மறுக்க மாட்டார்.

இப்பிழைகள் எவ்வாறு நேர்கின்றன என்பதை அறியாமல் அவற்றின் பெறுமதியைப் பற்றிப் பேசுவது பயனற்றது. நாணயம் செய்யும் முறை எளிமையானதே. உலோகத் தகட்டிலிருந்து வில்லைகள் வெட்டப்படுகின்றன. பின்னர் அவற்றின் விளிம்பு சற்று உயர்த்தப்படுகிறது. இறுதியாக, வில்லை ஒரு வளையத்தினுள் அமர, மேலும் கீழுமாக இரு அச்சுக்கள் அதனை ஒரே அமுக்கில் நாணயமாக்குகின்றன. இக்காலத்து இயந்திரங்கள் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் இவ்வாறு அடித்துத் தள்ளுகின்றன. வில்லையிலும் பிழை நேரலாம், அச்சிலும் நேரலாம், அமுக்கும் கணத்திலும் நேரலாம். தகட்டில் ஏற்கனவே வெட்டிய துவாரத்தின்மீது வெட்டி மீண்டும் விழுந்தால், பிறைவடிவில் ஒரு துண்டு குறைந்த வில்லை கிடைக்கும். வில்லை நடுவில் அமராவிட்டால் உருவம் ஒருபுறமாகச் சரிந்து, மறுபுறம் வெறுமையாக நிற்கும். முன்னர் அடித்த நாணயம் வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையின் ஒரு பக்கத்தில் அதே உருவம் கண்ணாடியிற் பார்ப்பதுபோல இடம்வலம் மாறிக் குழிந்து பதியும்.

இவற்றைக் கண்டறிவது கற்றுப் பெறவேண்டிய ஒரு திறன். துண்டு குறைந்த நாணயத்தையே எடுத்துக்கொள்வோம். யாரும் ஒரு அரத்தை எடுத்து நாணயத்தின் ஓரத்தை அராவிவிட்டு, நாணயச்சாலையின் பிழை என்று விற்க முயலலாம். ஆனால், உண்மையிலேயே துண்டு குறைந்த வில்லைக்கு விளிம்பை உயர்த்தும்போது, குறையுள்ள இடத்தில் எதிர் அழுத்தம் இல்லாமையால், அதற்கு நேரெதிரேயுள்ள விளிம்பும் சரியாக எழுவதில்லை. பார்க்கத் தெரிந்தவர் குறையைப் பார்க்குமுன் அதற்கு எதிர்ப்புறத்தையே பார்ப்பர். அராவியவன் அந்த எதிர்ப்புறத்தை அறியான். அதுபோலவே இரட்டை எழுத்துக்கள். அமுக்கும் கணத்தில் அச்சுச் சற்று அசைந்தால் எழுத்தின் ஓரம் நசிந்து, தட்டையான படிபோல ஒரு நிழல் தோன்றும், அதற்கு மதிப்பில்லை. அச்சே இரட்டையாகச் செய்யப்பட்டிருந்தால், எழுத்துக்கள் இரண்டும் முழு உயரத்துடன் நின்று, அவற்றின் முனைகள் பிளவுபட்டிருக்கும், மதிப்பு அதற்கே. முன்னையது ஒரு நாணயத்தின் விபத்து. பின்னையது அந்த அச்சிற் பிறந்த எல்லா நாணயங்களுக்கும் உரிய பிறவிக் குணம்.

இவ்விரண்டாம் வகைக்குப் புகழ்பெற்ற உதாரணம், 1955ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட ஒரு சத நாணயமாகும். அக்காலத்தில் ஓர் அச்சைச் செய்வதற்கு, மூல உருவத்தை உருக்கின்மீது ஒரு தடவைக்கு மேல் அமுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவைக்கும் இடையில் உருக்கைச் சூடாக்கி மென்மையாக்குவர். மீண்டும் அமுக்கும்போது உருவம் முன்னையதன்மீது மயிரிழையும் பிசகாது பொருந்தவேண்டும். ஓர் அச்சில் அது பிசகிற்று. அதனால் ஆண்டும் எழுத்துக்களும் வெறுங்கண்ணுக்கே இரட்டையாகத் தெரியும் நாணயங்கள் ஓர் இரவு வேலையின்போது நாற்பதாயிரம் வரையில் அடிக்கப்பட்டன. பிழை கண்டுபிடிக்கப்பட்டபோது அவற்றுட் பெரும்பகுதி நல்ல காசுகளோடு கலந்துவிட்டது. அவற்றைப் பிரித்தெடுப்பதாயின் முழுக் குவியலையுமே உருக்கவேண்டும். ஒரு சதம் எப்படி இருந்தாலும் ஒரு சதம்தானே என்று விட்டுவிட்டனர். இருபதாயிரத்துக்கும் இருபத்துநாலாயிரத்துக்கும் இடைப்பட்ட தொகை மக்களிடம் சென்றது. சென்ற வழியும் சுவையானது. அந்நாளில் சிகரெட் விற்கும் இயந்திரத்தில் இருபத்தைந்து சதம் இட்டால், இருபத்துமூன்று சதப் பெட்டியொன்று விழும். மிச்சம் இரண்டு சதத்தையும் பெட்டியின் கண்ணாடித் தாளுக்குள்ளேயே வைத்து அடைத்திருப்பர். புகைத்தவர்கள் தாளைக் கிழித்தபோது இந்நாணயங்கள் மிச்சக் காசாகக் கையில் விழுந்தன. இன்று அவற்றில் ஒன்று ஆயிரம் டொலருக்கு மேற் பெறும்.

அதே 1955ஆம் ஆண்டு நாணயங்களில் இன்னொரு வகையும் உண்டு. அச்சுத் தேய்ந்துபோனமையால் ஆண்டின் கடைசி ஐந்து மாத்திரம் மங்கலாக இரட்டித்துத் தெரியும். அதன் விலை அற்பம். சேகரிப்போர் அதற்கு இட்ட பெயர் ‘ஏழையின் இரட்டை அச்சு’ என்பதாகும். பரிகாசத்திலும் வர்க்கம் இருக்கிறது.

இனி, ஐம்பது பவுணும் ஆயிரம் டொலரும் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். உலோகத்திலிருந்து வரவில்லை, பிழை நாணயத்திலுள்ள செம்பு நல்ல நாணயத்திலுள்ளதற்கு ஒரு மணிதானும் கூடியதன்று. உழைப்பிலிருந்து வந்ததென்று கூறவும் இயலாது. உபயோகத்தில் இரண்டும் ஒன்றே. இரண்டாலும் அதே பொருளைத்தான் வாங்கலாம். மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலின் முதற் பாகத்து மூன்றாம் அத்தியாயத்தில், தங்க நாணயம் கைமாறக் கைமாறத் தேய்ந்து, அதன் பெயரளவான நிறையும் உண்மையான நிறையும் வெவ்வேறாகி, கடைசியில் ஒரு கடதாசித் துண்டும் அதன் இடத்தில் நிற்கக்கூடிய வெறும் குறியீடாகிவிடுவதை விளக்குகிறார். பிழை நாணயத்தின் பயணமோ மறுதிசையிலானது. குறியீடாக இருந்த ஒன்று, தன்மேல் விழுந்த ஒரு வடுவினால் மீண்டும் ஒரு பொருளாகிவிடுகிறது. புழக்கத்தை விட்டு விலகி, பஞ்சு வைத்த பெட்டிக்குள் ஏறிக்கொள்கிறது.

அவ்வாறு ஏறுவதற்கு ஒருவருடைய கண் வேண்டும். அந்தக் கண்ணுக்கும் அறிவு எங்கிருந்தோ வரவேண்டும். எந்த ஆண்டு, எந்த அச்சு, எந்தப் பிளவு என்பதையெல்லாம் பூதக்கண்ணாடியுடன் உட்கார்ந்து ஆராய்ந்து குறித்து வைத்தவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாத சாதாரண மனிதர். எழுதுவினைஞர், ஆசிரியர், ஓய்வுபெற்ற தொழிலாளர் போன்றோர். தாம் கண்டதை அவர்கள் மறைக்கவில்லை, சஞ்சிகைகளில் வெளியிட்டனர். என் மாணவர் ‘எங்கோ வாசித்திருந்தார்’ என்றேனே, அந்த ‘எங்கோ’ என்பது பலரின் பகிரங்கமான உழைப்பு. இதனைப் பின்னர் மீண்டும் தொட வேண்டியிருக்கும்.

கணித நண்பரின் சமன்பாட்டுக்கு வருவோம். அவர் கூற்றில் வலுவுண்டு. பணத்தின் இலக்கணமே, ஒரு காசுக்கு இன்னொரு காசு ஈடு என்பதுதான். நான் ஒருவரிடம் நூறு ரூபா கடன்பட்டால், அதே தாளைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய கடமை எனக்கில்லை. எந்த நூறு ரூபாவும் போதும். கடை உரிமையாளருக்கு லாச்சியில் இருக்கவேண்டியது இருபது பென்ஸ், அது இருந்தது. ஆயின், என் மாணவரின் கை இரண்டு வேலைகளைச் செய்தது என்பதை நாம் கவனிக்கவேண்டும். லாச்சியில் வைத்த கை, ‘எல்லாக் காசும் ஒன்றே’ என்ற விதியைக் கைக்கொண்டது. சட்டைப்பைக்குள் போன கை, ‘இக்காசு மற்றவை போன்றதன்று’ என்ற அறிவைக் கைக்கொண்டது. தனித்தனியே நோக்கின் இரண்டும் குற்றமற்றவை. ஒரே கணத்தில் இரண்டையும் கைக்கொண்டதே அவர் உறக்கத்தைக் கெடுத்தது என்பது என் எண்ணம். நமது மொழியில் நாணயம் என்ற சொல் காசையும் குறிக்கிறது, நேர்மையையும் குறிக்கிறது. இரு பொருளும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நின்ற ஓர் இரவு அது.

இப்பிரச்சினை புதியதன்று. கிறிஸ்துவுக்கு முன் 44ஆம் ஆண்டு, ரோமாபுரியின் சிசெரோ, ஏதென்சிற் கல்வி பயின்ற தம் மகனுக்கு எழுதிய ‘கடமைகள் பற்றி’ என்னும் நூலின் மூன்றாம் பாகத்தில் இதனை ஏறக்குறைய இதே வடிவில் எடுத்து ஆராய்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியம் ஏற்றி வந்த வணிகன் ஒருவன், இன்னும் பல தானியக் கப்பல்கள் பின்னால் வந்துகொண்டிருப்பதை அறிவான். அதைத் தீவு மக்களுக்குச் சொல்லவேண்டுமா, அல்லது மௌனமாக இருந்து உச்ச விலைக்கு விற்கலாமா? பாபிலோனியரான தியோகெனிஸ் என்ற தத்துவஞானி, பொய் சொல்லாதவரை மௌனம் குற்றமாகாது என்கிறார். அவருடைய மாணவரான அந்திபாத்தர், மனிதர் யாவரும் ஒரே சமுதாயத்தின் உறுப்பினர். அறிந்ததை மறைத்து இலாபம் அடைவது அந்த உறவுக்குத் துரோகம் என்கிறார். சிசெரோ மாணவரின் பக்கமே சாய்கிறார். (ஆசிரியர் தொழிலில் இருப்போர் இதனைச் சகித்துக்கொள்ளப் பழகவேண்டும்.)

அதே நூலிற் சற்றுத் தள்ளி, இரண்டு கேள்விகள் அடுத்தடுத்து வருகின்றன. அறியாமற் கள்ளக் காசை வாங்கிவிட்ட ஞானி, அது கள்ளக் காசென்று அறிந்த பின்னர் அதனை நல்ல காசாக இன்னொருவருக்குக் கொடுக்கலாமா? ஒருவன் தன்னிடமுள்ள தங்கத்தைப் பித்தளையென்று எண்ணி விற்க வந்தால், நல்ல மனிதன் அது தங்கமென்று சொல்லவேண்டுமா, ஆயிரம் பெறுவதை ஒன்றுக்கு வாங்கிக்கொள்ளலாமா? இரண்டாம் கேள்வியில் எனது மாணவர் நிற்பதாகவே முதலில் எனக்குத் தோன்றிற்று. யோசித்துப் பார்க்கையில் வித்தியாசங்களும் புலப்பட்டன. தங்கம் யாவருக்கும் தங்கம். அதன் விலை அதை விற்பவன் அறியாமையால் இல்லாமற் போவதில்லை. ஆண்டில்லாத காசு, அதை நாடுவோர் இருக்கும்வரையே ஐம்பது பவுண். மேலும், பித்தளையென்று எண்ணி வந்தவன் எதிரே நிற்கிறான், முகத்தைப் பார்க்கிறான். லாச்சிக்குள் அக்காசைக் கொண்டுவந்து போட்டவர் யாரென்றே என் மாணவருக்குத் தெரியாது. அவர் இருபது பென்சுக்கான பொருளை வாங்கிக்கொண்டு, குறைவின்றி வீட்டுக்குப் போய்விட்டார்.

எதிரே நிற்பவரின் முகம்தான் இங்கு முக்கியம் என எனக்குப் படுகிறது. மிச்சக் காசாக என் கைக்கு வந்த நாணயத்தை வீட்டில் வைத்துப் பார்த்து, அது அரியது எனக் கண்டால், தெருத் தெருவாகச் சென்று உரியவரைத் தேடவேண்டும் என்று அந்திபாத்தரும் கோரமாட்டார். ஒரு சிறுமி இனிப்பு வாங்கவென்று அதை என் கடைக்குக் கொண்டுவந்து நீட்டும்போதே நான் கண்டுகொண்டால், நிலை மாறுகிறது. ஒரு மூதாட்டி, “தம்பி, இதில் வருசத்தைக் காணவில்லையே, இது நல்ல காசா?” என்று கேட்டுவிட்டால், “நல்ல காசுதான், தாருங்கள்” என்ற என் பதில் சொல்லளவில் உண்மையாக இருந்தும் பொய்யாகிவிடுகிறது. மூன்றிலும் காசு ஒன்றே, விலையும் ஒன்றே. என்னை நம்பி எவரேனும் நிற்கிறாரா என்பதிலேயே வேறுபாடு.

என் மாணவர் வெறும் கண்டெடுத்தவரும் அல்லர், வாங்கியவரும் அல்லர். அவர் கை அந்த லாச்சிக்குள் இருப்பதற்கு ஒரே காரணம், இன்னொருவர் நம்பி அதன் திறப்பைக் கொடுத்ததுதான். அவ்வேளையில் உரிமையாளர் பக்கத்தில் நின்றிருந்தால், அவர் பார்த்திருக்க அக்காசை மாற்றி வைத்திருப்பீரா என்று கேட்டு எழுதினேன். எனக்குக் கிடைத்த உரைகல் இதுவே. மாற்றி வைத்திருப்பேன் என்பது பதிலானால் விசாரணை முடிந்தது. பின்னால் ஒளித்திருப்பேன் என்பது பதிலானால், ஒளித்தது எதை என்று அவரே அறிவார்.

தொழிற்சங்க நண்பர் இதனை ஒப்புக்கொள்ளவில்லை. முதலாளியிடம் போய் ஒப்புதல் வாக்குமூலம் கொடுக்கச் சொல்கிறீர்கள் என்று கோபித்தார். அவருக்கு நான் கூறியதை இங்கும் கூறுகிறேன். கூலி குறைவானால் அது இருபது பென்ஸ் நாணயத்தால் தீரப்போவதில்லை. கூலி என்பது வெளிச்சத்தில் நின்று, கூட்டாகக் கேட்டுப் பெறும் உரிமை. இருட்டில் ஒருவர் தாமே வசூலித்துக்கொண்டால், நாளை கூட்டாகக் கேட்கும்போது அவருடைய குரலே தளும்பும். ஆயினும் நண்பர் ஒரு விடயத்திற் சரியாகவே கூறினார். உண்மையைச் சொல்வதும் காசைக் கையளிப்பதும் ஒன்றல்ல. உரிமையாளர் அக்காசைச் செய்தவருமல்லர், கண்டவருமல்லர். இளைஞரின் கண் இல்லையாயின், அது மறுநாள் வங்கிப் பையோடு இருபது பென்சாகவே போயிருக்கும். ஐம்பது பவுண் முழுவதும் தமக்கே என்று அவர் உரிமை கொண்டாடுவாராயின், சட்டம் எதைச் சொன்னாலும் நான் நண்பரின் பக்கமே நிற்பேன்.

அறிந்ததை வெளிப்படையாகச் சொன்ன ஒருவருக்கு நேர்ந்ததையும் இங்கே கூறவேண்டும். இரண்டாம் உலக யுத்தத்துக்குச் செம்பு தேவைப்பட்டமையால், 1943ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சத நாணயங்கள் நாகம் பூசிய உருக்கினால் செய்யப்பட்டன. நூறு கோடிக்கு மேல் அடிக்கப்பட்டன. முந்திய ஆண்டின் வெண்கல வில்லைகள் சில எங்கோ தங்கியிருந்து, உருக்கு வில்லைகளோடு சேர்ந்து அச்சுக்குள் விழுந்துவிட்டன. 1947ஆம் ஆண்டு மசச்சூசெட்ஸ் மாநிலத்தில் பிற்ஸ்பீல்ட் என்ற ஊரில், பதினாறு வயது மாணவர் ஒருவருக்குப் பாடசாலை உணவுச்சாலையின் மிச்சக் காசில் அப்படியொன்று கிடைத்தது. அத்தகைய காசு கொண்டுவருவோருக்குக் கார் ஒன்று பரிசளிக்கப்படும் என்ற வதந்தி அந்நாளில் நிலவிற்று. அவர் விசாரித்தார், வதந்தி பொய் எனத் தெரியவந்தது. திறைசேரிக்கும் எழுதினார். 1943 இல் செம்புக் காசு அடிக்கப்படவேயில்லை, யாவும் உருக்கே, என்று பதில் வந்தது. காசு அவர் கையில் இருந்தது. அப்படியொன்று இல்லையென்ற கடிதமும் அவர் கையில் இருந்தது. சண்டையிடாமல் இரண்டையும் வைத்துக்கொண்டு ஏழு தசாப்தங்கள் வாழ்ந்தார். அவர் காலமான பின்னர், 2019ஆம் ஆண்டு சனவரியில், அக்காசு 204,000 டொலருக்கு ஏலம் போயிற்று. பணம் அவ்வூர்ப் பொது நூலகத்துக்குச் சென்றது.

இதனை வாசித்துவிட்டு எவரும் உண்டியலை உடைக்கப் புறப்படவேண்டாம். உருக்குக் காசுக்குச் செம்பு பூசி விற்றோர் பலர். காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் அவர்களின் சரக்கு ஒட்டிக்கொள்ளும். 1948ஆம் ஆண்டுக் காசின் எட்டைச் செதுக்கி மூன்றாக்கியோரும் உளர். பிழைக்கு விலையுண்டு என்றானதும், பிழையையே உற்பத்தி செய்வோர் தோன்றிவிடுகின்றனர். நாணயச்சாலைகளும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்காவில் 1913ஆம் ஆண்டைத் தாங்கிய ‘சுதந்திரத் தலை’ ஐந்து சதக் காசுகள் ஐந்தே உள்ளன. அவ்வகை நாணயம் அவ்வாண்டில் அடிக்கப்பட எந்த அதிகாரமும் இருக்கவில்லை. நாணயச்சாலையின் முன்னாள் ஊழியர் ஒருவர் 1919இல் அத்தகைய காசுக்கு 500 டொலர் தருவதாக விளம்பரம் செய்து, மறு ஆண்டில் தாமே அவற்றைக் காட்சிக்குக் கொண்டுவந்தார். விலையை முதலிற் பிறப்பித்து, பொருளைப் பின்னர் பிறப்பித்த சாமர்த்தியம் அது.

இன்று இணைய ஏல விற்பனையில் இச்சாமர்த்தியம் மலிந்து கிடக்கிறது. பிரித்தானியாவின் இரண்டு பென்ஸ் நாணயத்தில் 1971 முதல் 1981 வரை ‘நியூ பென்ஸ்’ என்றே பொறிக்கப்பட்டது. அவை கோடிக்கணக்கில் உள்ளன. 1983ஆம் ஆண்டுக்குரிய சில நாணயங்களில் மாத்திரம், மாற்றப்பட வேண்டிய அச்சொற்கள் தவறுதலாகத் தொடர்ந்தன. அவையும் சேகரிப்போருக்கான பெட்டித் தொகுதிகளுக்கென அடிக்கப்பட்டவையே. இந்த ஒரு வரியை அறியாத வறிய மனிதர் சாதாரணக் காசொன்றைப் பெரும் விலைக்கு வாங்குகிறார். அல்லது தம்மிடமுள்ளதை வைத்துக்கொண்டு வீடு கட்டலாமென்று கனவு காண்கிறார். லாச்சியில் காசை மாற்றிய இளைஞர் உறக்கமின்றித் தவிக்கிறார். இவ்வியாபாரிகள் நன்றாகவே உறங்குவர் என்று நம்புகிறேன். மறைக்கப்படுவது இங்கு காசன்று, அந்த ஒரு வரி. என் மாணவரின் கண்ணைத் திறந்த அறிவு, ஊதியமின்றி எழுதி வெளியிட்டோரின் அறிவு எனக் கண்டோம். அதனை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்தவருக்குச் சொல்லாமல் விடுவதே, காசை எடுத்துக்கொள்வதிலும் பார்க்கக் கனமான குறை என்று அவருக்கு எழுதினேன்.

இரண்டு வாரங்களில் அவருடைய பதில் வந்தது. என் கடிதம் கிடைத்த அன்றே அவர் உரிமையாளரிடம் நடந்ததைக் கூறிக் காசையும் காட்டியிருக்கிறார். உரிமையாளர் முதலிற் சிரித்தாராம். “இருபது பென்சுக்கா இவ்வளவு கதை?” என்றாராம். பின்னர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் அதனைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நீ கண்டது, நீயே வைத்திரு தம்பி” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பகல் வேலை பார்க்கும் மற்ற இருவருக்கும் எதைப் பார்க்கவேண்டும், எப்படிப் பார்க்கவேண்டும் என்பதை இவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். காசு இன்னும் விற்கப்படவில்லை. ஆனால், அன்றிலிருந்து சில்லறைப் பை வங்கிக்குப் போகுமுன்னர், கடையின் பின்னறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஏழு பக்கக் காசுகளை ஒவ்வொன்றாகத் தெரிந்து பார்ப்பவர் உரிமையாளரே என்று எழுதியிருக்கிறார். அவ்வேளையில் யாரும் அறைக்குள் வருவதை அவர் விரும்புவதில்லையாம்.